பெயரை மாத்தினது ஆர்?

விடிய ஆறு மணிக்கு மாமி கோல் எடுத்தா.

"மகன், எங்கட குறூப்பக் காணல்ல."

"இருக்கு மாமி. கொஞ்சம் கீழ போய்ப் பாருங்க."

"எல்லாம் பாத்துட்டன். எங்கட பேர் இல்ல."

போனைத் திறந்து பார்த்தேன். குழு இருந்தது. ஆனால் மாமி சொன்னது சரி. நேற்று இரவு வரைக்கும் அதன் பெயர் 'கிளிவெட்டி குமாரபுரம் உறவுகள்'. இப்போது 'கிளிவெட்டி வெள்ள நிவாரண விநியோகம்' என்று கிடந்தது. உள்ளே போனால், இரவு இரண்டு மணிக்குக் கிட்ட, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வரி: இன்னார் குழுவின் பெயரை மாற்றினார். அந்த 'இன்னார்' ஒரு ஆளில்லை. நாங்களே குழுவுக்குள் சேர்த்துவிட்ட ஏஐ ஏஜென்ட்.

எங்கட ஊரில் ஏஜென்ட் எண்டால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புறவர். காசை வாங்கிக்கொண்டு ஆளைக் காணாமல் போனவர்களும் உண்டு. அதனால் "ஏஜென்ட்தான் மாமி பேரை மாத்தினது" எண்டு சொன்னவுடன் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டா: "அவனுக்கு எங்கட ஊர்ப் பேரில என்ன கோவம்?"

ஒரு கோபமும் இல்லை. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்ட ஆட்கள் செத்துப்போனார்கள். மகாவலி பெருகியதில் மூதூர், வெருகல், சேருவில பக்கமெல்லாம் தண்ணீருக்குள். கிளிவெட்டி திருகோணமலை – மட்டக்களப்பு வீதியில் இருக்கும் ஊர். சுற்றி வயல், பக்கத்தில் ஆறு. வெள்ளம் எங்களுக்குப் புதுசில்லை, ஆனால் இந்த வெள்ளம் புதுசு.

ஊரிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் இருக்கும் பழைய குழு ஒன்று அந்த நேரத்தில் நிவாரணக் குழுவாக மாறியது. சாதாரண நாளில் பிறந்தநாள் வாழ்த்தும் மரண அறிவித்தலும் வரும் இடத்தில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான செய்திகள். எந்த வீட்டுக்கு உலருணவு போனது, ஆருக்குப் பால்மா வேணும், எந்தப் பாதை திறந்தது எண்டு ஒருத்தராலும் பின்தொடர முடியவில்லை. எங்கட கூட்டத்தில் கணினி படிக்கிற தம்பி ஒருத்தன் ஒரு வேலை செய்தான். செய்திகளை வாசித்துப் பட்டியல் போட்டுத் தருகிற ஏஐ ஏஜென்ட் ஒன்றைக் குழுவோடு இணைத்தான். உண்மையாகவே உதவியது. இரண்டு முறை வாங்கின வீடு எது, ஒரு முறையும் வாங்காத வீடு எது எண்டு அது சொல்லித்தான் தெரிந்தது.

ஏஜென்ட் தானாக ஒன்றும் செய்யாது. அதன் கையில் 'கருவிகள்' கொடுக்க வேண்டும். செய்தி வாசிக்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று, பட்டியலில் எழுத ஒன்று. தம்பி நான்காவதாக ஒன்றும் கொடுத்திருந்தான்: குழுவின் பெயரை மாற்றும் கருவி. கூடவே ஒரு வரி அறிவுறுத்தல். குழுவில் இப்போது நடக்கும் வேலைக்குப் பொருத்தமாகத் தலைப்பை வைத்திரு. வெள்ளம் வடிந்த பிறகு 'கிணறு துப்பரவு', 'பள்ளிக்கூடக் கொப்பி' எண்டு வேலைகள் மாறும்போது தலைப்பும் மாறினால் நல்லது எண்டு நினைத்தான்.

ஏஜென்ட் சொன்னதைச் செய்தது. இரண்டு கிழமைச் செய்திகளை வாசித்தது. அதிகம் வந்த சொற்கள் வெள்ளம், நிவாரணம், விநியோகம், கிளிவெட்டி. எழுத்துப் பிழைகூட இல்லாத ஒரு தலைப்பைப் போட்டது. குமாரபுரம் குறைவாக வந்த சொல். 'உறவுகள்' ஒருக்காலும் வராத சொல். இரண்டும் போய்விட்டன.

மாமி குமாரபுரத்தில் பிறந்தவ. கிளிவெட்டிக்குப் பக்கத்துக் கிராமம், பெரிய வரைபடங்களில் தேடினால் கிடைக்காது. 1996 பெப்ரவரி 11ஆம் திகதி அந்தக் கிராமத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இராணுவத்தினரால் கொல்லப்பட்டார்கள். பெண்களும் சிறுபிள்ளைகளும் அதில் அடக்கம். வழக்கு இருபது வருசம் இழுபட்டு, 2016 யூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலையானார்கள். அந்த ஊர்க்காரருக்கு மிச்சம் இருக்கிற சில விடயங்களில் ஒன்று அந்தப் பெயர். அதை ஒரு பலகையிலிருந்தோ ஒரு குழுத் தலைப்பிலிருந்தோ எடுக்கும்போது, எடுக்கிறவருக்கு இந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம். எடுபட்டவருக்குத் தெரியும்.

எண்ணும் பெயரும்

ஒரு அரட்டைக் குழுவின் பெயரை ஆர் மாற்றலாம் எண்ட கேள்விக்கு வயது முப்பதுக்கும் மேல்.

1988இல் பின்லாந்தின் ஊலு நகரத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் ஐஆர்சி எண்ட அரட்டை முறையை எழுதினார். அதில் குழுவுக்கு 'சனல்' எண்டு பெயர். சனலின் பெயர்தான் அதன் முகவரி. அதைத் தட்டினால்தான் உள்ளே போகலாம், ஆகவே அதை மாற்ற முடியாது. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் 'தலைப்பு' எண்டு ஒரு வரி இருந்தது. அதை மாற்றலாம். விளையாட்டுக்கும் சண்டைக்கும் ஆளாளுக்கு அதை மாற்றுவார்கள். அதனால் ஒரு பூட்டும் இருந்தது. 1993இல் வெளியான ஐஆர்சி நெறிமுறை ஆவணத்திலேயே அது இருக்கிறது: பூட்டைப் போட்டால் நடத்துநர்கள் மட்டும்தான் தலைப்பைத் தொடலாம். அதே வருசம் 'எக்ட்ரொப்' எண்ட தானியங்கி நிரலும் வந்தது. நடத்துநர்கள் நித்திரையாகும் நேரத்தில் சனலைக் காவல் காக்கிற வேலை. அதாவது அரட்டைக் குழுக்களில் இயந்திரம் புதுசில்லை. அந்தக் காலத்து இயந்திரம் கொடுத்த விதியை மட்டும் பார்க்கும். தலைப்புக்கு என்ன பொருள் எண்டு அது யோசிக்காது.

கைத்தொலைபேசி வந்த பிறகு ஒரு பெரிய மாற்றம் நடந்தது, நாங்கள் ஒருத்தரும் கவனிக்கவில்லை. முகவரியும் பெயரும் பிரிந்தன. இன்றைக்கு ஒவ்வொரு குழுவுக்கும் உள்ளே ஒரு நீளமான அடையாள எண் இருக்கிறது. செயலிக்கு அதுதான் முகவரி. பெயர் அதன் மேல் ஒட்டின ஸ்ரிக்கர். ஸ்ரிக்கரை எத்தனை தரம் மாற்றினாலும் செயலிக்கு ஒன்றும் தொலையாது.

வட்ஸ்அப்பில் குழுக்கள் 2011இல் வந்தன. கனகாலம் குழுப் பெயருக்கு 25 எழுத்துதான் இடம். தமிழருக்கு அது 25 எழுத்தும் இல்லை. யூனிகோட் கணக்கில் 'கி' எண்டது க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'கிளிவெட்டி' எங்களுக்கு ஐந்து எழுத்து, இயந்திரத்துக்குப் பத்து. 'கிளிவெட்டி குமாரபுரம் உறவுகள்' எங்கட கண்ணுக்கு 16 எழுத்து, இடைவெளிகளோடு இயந்திரக் கணக்கில் 29. அந்தக் காலத்து 25க்குள் அது அடங்காது. எத்தனையோ ஊர்க் குழுக்கள் ஆங்கில எழுத்திலும் சுருக்கத்திலும் பெயர் வைத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். இப்போது இடம் கூடியிருக்கிறது.

2018 மே மாதத்தில் வட்ஸ்அப் ஒரு அமைப்பைச் சேர்த்தது: குழுப் பெயர், படம், விளக்கம் ஆகியவற்றை ஆர் மாற்றலாம் எண்டதை நிர்வாகிகள் மட்டுப்படுத்தலாம். ஐஆர்சியின் பழைய பூட்டுத்தான், கால் நூற்றாண்டு கழித்து. ரெலிகிராம் 2015இல் 'பொட்'களுக்குக் கதவைத் திறந்தது. 2017இல் குழுப் பெயரை மாற்றும் கட்டளையையும் பொட்களுக்குக் கொடுத்தது. பொட் நிர்வாகியாக இருக்க வேண்டும், தகவலை மாற்றும் உரிமையும் அதுக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதுவரைக்கும் பொட் எண்டது ஒரு மனிதன் எழுதின நிரல். எப்போது மாற்ற வேண்டும் எண்டதையும் மனிதனே எழுதிவைப்பான்.

2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் 'மொடல் கொன்ரெக்ஸ்ற் புரோட்டோகோல்' எண்ட பொது நெறிமுறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்.சி.பி. எந்த மொழி மாதிரிக்கும் எந்தக் கருவியையும் ஒரே மாதிரியான செருகியில் பொருத்தலாம் எண்டது அதன் யோசனை. கருவிக்கு ஒரு பெயர், அது என்ன செய்யும் எண்டு சாதாரண மொழியில் ஒரு விளக்கம், அதுக்குக் கொடுக்க வேண்டிய விவரங்களின் பட்டியல், அவ்வளவுதான். எப்போது அதை எடுத்துப் பாவிப்பது எண்டதை மாதிரியே தீர்மானிக்கும். மாற்றம் அந்த இடத்தில்தான். 1993இன் காவல்காரனுக்குத் தீர்மானிக்கும் வேலை இல்லை. எங்கட ஏஜென்ற்றுக்கு அதுதான் வேலையே.

பெயர் மாற்றும் கருவிக்கு என்ன விவரம் வேண்டும்? இரண்டே இரண்டு. எந்தக் குழு, புதுப் பெயர் என்ன. பழைய பெயர் என்ன எண்டு கருவி கேட்பதில்லை. ஏன் எண்டு கேட்பதில்லை. ஆரைக் கேட்டாய் எண்டு கேட்பதே இல்லை.

2025 மார்ச்சில் அந்த நெறிமுறையில் கருவிகளுக்கு அடையாளக் குறிப்புகள் சேர்ந்தன. இது வெறுமனே வாசிக்கிற கருவி, இது எதையாவது அழிக்கக்கூடிய கருவி எண்டு எழுதினவர் குறிக்கலாம். ஒன்றும் குறிக்காத, வாசிப்போடு நிற்காத கருவியை 'அழிக்கக்கூடும்' எண்டே எடுத்துக்கொள்ள வேண்டும் எண்டது விதி. தம்பி பெயர் மாற்றும் கருவியை 'அழிக்காது' எண்டு குறித்திருந்தான். அவன் பக்கத்தில் நியாயம் இருக்கு. ஒரு செய்திகூட அழியவில்லை, ஒரு ஆள்கூட வெளியேறவில்லை, அடையாள எண்ணும் அப்படியே. மாமிக்கு மட்டும் குழு காணாமல் போனது. அவவுக்கு அடையாள எண் தெரியாது. அவ பெயரைத் தேடித்தான் வாறவ.

கொட்டியாரத்தின் பெயர்கள்

இந்தக் கதையைக் கிளிவெட்டியில் இருந்து யோசிக்கிற எவருக்கும், குழுத் தலைப்போடு நிறுத்திவிட முடியாது. இந்த மாவட்டம் முழுக்கவே பெயர் மாற்றப்பட்ட இடங்களின் பட்டியல்தான்.

விரிகுடாவின் தென்கரைக்குப் பழைய பெயர் கொட்டியாரம். 1660இல் 'ஆன்' எண்ட ஆங்கிலக் கப்பல் இந்தக் கரையில் நின்றபோதுதான் ரொபேட் நொக்ஸ் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசத்துக்கும் மேல் கைதியாகக் கிடந்தார். 1681இல் லண்டனில் அச்சான அவரது நூலில் தன் காதில் விழுந்த மாதிரி 'கொட்டியார்' எண்டு எழுதினார். வாய் வேறு, எழுத்து வேறு, ஆனால் பெயர் அதே பெயர். பிறகு நிர்வாகத்தில் கொட்டியாரப்பற்று எண்டு இருந்தது. இன்றைக்குப் பிரதேச செயலகங்கள் மூதூர், சேருவில, வெருகல். கொட்டியாரம் கடல் வரைபடத்தில் விரிகுடாவின் பெயராக மட்டும் மிதக்கிறது.

நகரத்துக்குப் போனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு கோட்டை. 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த கல்லையும் சேர்த்துக் கட்டினது. ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள். 1803இல் ஆங்கிலேயர் அதுக்கு 'பிரெட்ரிக் கோட்டை' எண்டு பெயர் வைத்தார்கள், மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயர். திருகோணமலையைக் கண்ணால் காணாத மனிசன். இருநூறு வருசத்துக்கு மேலாகப் பலகையில் அவர் பெயர் இருக்கிறது. ஊர்ச்சனம் இன்றைக்கும் 'கோட்டை' எண்டுதான் சொல்லுது.

அந்நியர் வைத்த பெயர் வாயில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். குடியேற்றத் திட்டங்களோடு வந்த பெயர்கள் அப்படி உதிரவில்லை. முதலிக்குளம் மொரவெவ ஆனது. குமரேசன்கடவை கோமரன்கடவல ஆனது. தெற்கே, 1949இல் தொடங்கின திட்டத்தோடு பட்டிப்பளை ஆறு கல்ஓயா ஆனது. வடக்கே, முல்லைத்தீவு எல்லையில் மணலாறு 1980களில் வெலிஓயா ஆனது. இந்தக் கடைசிப் பெயரைக் கொஞ்சம் பாருங்கள். சிங்களத்தில் வெலி எண்டால் மணல், ஓயா எண்டால் ஆறு. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு. பொருளை மட்டும் பார்க்கிற ஒருவருக்கு, அல்லது ஒரு மொழி மாதிரிக்கு, இதில் ஒன்றுமே மாறவில்லை. அங்கிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டுப் பாருங்கள், மாறாதது என்ன எண்டு.

ஒரு இடத்துக்கு இரண்டு மொழியில் இரண்டு பெயர் இருப்பது பிழையில்லை. சிங்களவர் மஹநுவர என்கிற நகரத்தை நாங்கள் கண்டி என்கிறோம். கந்தளாயும் கந்தளேயும் பக்கத்துப் பக்கத்தில் வாழலாம். ஒரு பெயர் ஏறுவதுக்காக மற்றது இறக்கப்படும்போதுதான் பிரச்சினை. வீட்டில் இருக்கிற காணி உறுதியில் ஒரு பெயர், கந்தோரில் இருக்கிற பதிவில் இன்னொரு பெயர் எண்டு ஆகும்போது, அந்த இரண்டும் ஒரே இடம்தான் எண்டு நிரூபிக்கிற பாரம் எப்போதும் சாதாரண மனிசன் தலையில்தான் விழும்.

சம்பூரை எடுங்கள். 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதோடு தொடங்கின சண்டையில் மூதூர் கிழக்குச் சனம் எல்லாம் ஓடியது. 2007 மே 30ஆம் திகதி வர்த்தமானி வந்தது: அந்த நிலம் இனி 'உயர் பாதுகாப்பு வலயம்'. பிறகு அதில் ஒரு பகுதி முதலீட்டுக்கான வலயம். அதே கிணறு, அதே தென்னை, பெயர் மட்டும் 'வலயம்'. ஊருக்குத் திரும்பலாம், வலயத்துக்குத் திரும்ப முடியாது. அந்தச் சனத்தில் கனபேர் இருந்தது கிளிவெட்டியில், 'இடைத்தங்கல் முகாம்' எண்ட பெயரில். இடைத்தங்கல் எண்டால் கொஞ்ச நாள் தங்குவது. 2015இல் காணி விடுபடத் தொடங்கும் வரை அந்தக் கொஞ்ச நாள் எட்டு வருசம் நீண்டது. முகாமுக்குள் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவோடு ஒப்பிடலாமா எண்டு கேட்பீர்கள். அளவில் ஒப்பிட முடியாது. ஒரு விசயத்தில் மட்டும் ஒப்பிடலாம். குழுவில் பெயர் மாறினால் சாம்பல் நிற வரி ஒன்று விழுகிறது: ஆர், எப்போது, என்னவாக மாற்றினார். முதலிக்குளத்துக்கு அப்படி ஒரு வரி எந்தப் பலகையிலும் இல்லை. அடுத்த தலைமுறைப் பிள்ளை அந்த வழியால் பஸ்ஸில் போகும்போது, முன்னம் ஒரு பெயர் இருந்தது எண்டே அதுக்குத் தெரியவராது.

கேட்டு மாற்றியதும் கேளாமல் மாற்றியதும்

பெயரை மாற்றுவதே கூடாது எண்டு நான் சொல்ல வரவில்லை. மைல்கல்லைப் பார்த்து 'அறுபத்துநாலாம் கட்டை' எண்டு சனமே பெயர் வைத்த இடமும் எங்கட பக்கத்தில் இருக்கு. கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு எண்டு பெயர் வைக்கச் சொல்லி 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரை விட்டார். அதுக்குப் பிறகும் மேடையிலும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வருசக்கணக்கில் வாதம். 1967 யூலை 18இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1969 சனவரி 14இல் பெயர் மாறியது. பதின்மூன்று வருசம். இன்றைக்கு அந்தப் பெயர் முன்னொரு நாள் வேறாக இருந்தது எண்டே பலருக்கு நினைவில்லை, அவ்வளவு ஒட்டிவிட்டது.

2020 யூன் மாதம் அதே தமிழ்நாட்டில் இன்னொன்று நடந்தது. 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரேயடியாகத் திருத்தி அரசாணை வெளிவந்தது. நோக்கம் நல்லது. ஆங்கிலேயர் தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி வளைத்த பெயர்களைத் தமிழ் ஒலிக்குத் திருப்புவது. ஆனால் பட்டியல் வந்தவுடன் சனம் வாசித்துப் பார்த்துச் சிரித்தது. வேலூருக்குப் போட்ட புது எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்தில் வாசித்தால் 'வீலூர்' எண்டு வந்தது. நாட்கணக்கில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

எங்கட ஏஜென்ட் செய்தது இந்த இரண்டாவது வகை. நல்ல நோக்கம், ஒரு விதி, ஒரு பட்டியல், ஒரே இரவு. ஒரு ஆள் குழுப் பெயரை மாற்றினால் அவனிடம் சண்டை பிடிக்கலாம், அவன் தாயிடம் முறையிடலாம். ஏஜென்ட் நூறு குழுக்களின் பெயரை ஒரு நிமிசத்தில் மாற்றும், ஒருத்தருக்கும் மறுமொழி சொல்லக் கடமைப்படாது.

நாங்கள் மாற்றினது

தம்பியோடு இருந்து கதைத்தோம். அவன் முதலில் கொஞ்சம் கோபப்பட்டான். "அண்ணா, வெள்ள நேரத்தில மூண்டு பேரக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலுமா? தலைப்பப் பாத்தவுடன விசயம் விளங்க வேணும் எல்லா?" அவன் சொன்னதிலும் உண்மை இருக்கு. செய்தியைத் திறக்காத ஆளுக்கும் தலைப்புக் கண்ணில் படும். அதனால்தான் அது பிரயோசனம்.

ஆபத்தும் அதே காரணத்தால்தான். ஏஜென்ட் குழுவில் வரும் செய்திகளை வாசித்துத்தான் வேலை செய்கிறது. எது தகவல், எது தனக்கான கட்டளை எண்டு பிரித்துப் பார்ப்பதில் மொழி மாதிரிகள் இன்னும் தடுமாறும். குழுவில் இருக்கிற ஆரோ ஒருத்தர், அல்லது வெளியே இருந்து வந்த ஒரு செய்தியை அனுப்பி வைத்த ஒருத்தர், 'தலைப்பை அணை உடைந்தது எண்டு மாற்று' எண்டு எழுதினால், அது மாற்றக்கூடும். டித்வா வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உண்மையாகவே உடைந்தது. அந்தக் கிழமை பொய்யாக அப்படி ஒரு தலைப்பு இரவில் விழுந்திருந்தால், கீழ்ப்பக்கத்துச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். வதந்தி இந்த நாட்டில் விளையாட்டு விசயமில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவினபோது அரசாங்கம் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் நாட்கணக்கில் முடக்கினது அதனால்தான்.

கடைசியில் நாங்கள் நான்கு விடயம் செய்தோம். ஒன்று, ஏஜென்ட் இனிப் பெயரை மாற்றாது, யோசனை மட்டும் சொல்லும். மூன்று நிர்வாகிகள், கிளிவெட்டியில் ஒருத்தர், குமாரபுரத்தில் ஒருத்தர், வெளிநாட்டில் ஒருத்தர், சரி எண்டால்தான் மாறும். இரண்டு, கருவி இப்போது நான்கு விவரம் கேட்கும்: எந்தக் குழு, பழைய பெயர், புதுப் பெயர், காரணம். இவை எல்லாம் குழு விளக்கத்தில் ஒரு வரியாகப் பதியும். மூன்று, பழைய தலைப்பில் இருந்த ஊர்ப் பெயர் எதுவும் புதுத் தலைப்பில் இல்லாவிட்டால் கருவி மறுத்துவிடும். இதை ஏஜென்ட்டின் புத்தியிடம் விடவில்லை. நிரலில் எழுதிவிட்டோம், அந்தக் காலத்து ஐஆர்சிப் பூட்டு மாதிரி. நான்கு, அவசரத்துக்குப் பெயரின் கடைசியில் ஒரு சொல் சேர்க்கலாம், முன்னால் இருப்பதைத் தொட முடியாது. 'கிளிவெட்டி குமாரபுரம் உறவுகள் – வெள்ளம்'. தம்பி கேட்ட வேகமும் அதில் கிடைத்தது. 'அழிக்காது' எண்டு போட்டிருந்த குறிப்பை அவனே 'அழிக்கக்கூடும்' எண்டு மாற்றினான்.

பழைய பெயரைத் திரும்பப் போட்ட அன்றைக்குப் பின்னேரம் மாமியின் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இன்னும் வண்டல் காயவில்லை. போனைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தா. கீழே இரண்டு சாம்பல் வரிகள், ஒன்று ஏஜென்ட் மாற்றினது, மற்றது நான் திருப்பி மாற்றினது.

"இந்த ரெண்டு வரியையும் அழிச்சிராதீங்க மகன்," எண்டா. "எடுத்ததும் திருப்பித் தந்ததும் தெரிய வேணும்."

பிறகு அவவே சொல்லத் தொடங்கினா. குமாரபுரத்துக்கும் கிளிவெட்டிக்கும் இடையில் இருக்கிற வயல் கண்டங்களின் பெயர்கள், தூர்ந்துபோன குளங்களின் பெயர்கள், ஆற்றில் ஆட்கள் இறங்கிக் கடந்த துறைகளின் பெயர்கள். பாதிப் பெயர்களை நான் முதல்முறை கேட்கிறேன். எந்த வரைபடத்திலும் அவை இல்லை, எந்த ஏஜென்ட்டும் வாசிக்கக்கூடிய இடத்திலும் இல்லை. இருட்டும் வரைக்கும் எழுதிக்கொண்டு இருந்தேன். முப்பத்தொரு பெயர்.

உங்கட ஊரிலும் இப்படி ஒரு மாமியோ அம்மம்மாவோ இருப்பா. இந்தக் கிழமை போய்க் கேளுங்கள். குளத்தின் பெயர், வயலின் பெயர், முன்னம் என்ன பெயர், ஆர் மாத்தினது, எந்த வருசம். சொன்னவரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.